சின்ன நகரத்து எஃப்எம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தப் பணம் போட்டு ஒரு சின்ன நகரத்தில் பாட்டு வானொலி நடத்துகிறவர்கள் பலரும் செய்கிற முதல் தவறு, பெருநகர நிலையம் மாதிரியே ஒலிக்கப் பார்ப்பது. பாட்டு எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒருவர் உங்கள் அலைவரிசையை வைக்கிறார் என்றால், எந்தச் சாலையை அடைத்திருக்கிறார்கள், மின்சாரம் எப்போது வரும் என்பதைத் தனக்குப் பழகிய ஒரு குரல் பாட்டுக்கு நடுவே சொல்லும் என்றுதான். அதை விட்டுவிட்டு வெளியூரில் பதிவு செய்த பேச்சை வாங்கிப் போட்டால், அவர் உங்களைத் தேடி வரக் காரணமே இல்லை.

இதன் தொடர்ச்சிதான் இரவு முழுக்கக் கணினியை ஓடவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவது. செலவு குறையும், சரி. ஆனால் 2002 ஜனவரியில் அமெரிக்காவின் மைனாட் நகரத்தில் நள்ளிரவுக்குப் பின் சரக்கு ரயில் தடம்புரண்டு அமோனியா கசிந்தபோது, வானொலியில் எச்சரிக்கை சொல்ல வைக்கப் போலீஸ் திணறியது. எச்சரிக்கைக் கருவியில் கோளாறா, நிலையத்தில் ஆள் இல்லாததா என்று பிறகு நீண்ட வாக்குவாதம் நடந்தது. நள்ளிரவில் அழைத்தால் எடுக்கிற ஒரு தொலைபேசி எண், வீட்டிலிருந்தே ஒலிபரப்புக்குள் பேச ஒரு வழி, இந்த இரண்டும் இல்லாமல் இரவுப் பணியாளரை நீக்காதீர்கள்.

விளம்பரத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. சின்னக் கடைக்காரருக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஸ்பாட் (விளம்பர ஒலிபரப்பு) என்று மாதம் முழுக்கத் தூவி விற்கிறார்கள். யார் காதிலும் அது பதியாது, அடுத்த மாதம் அவர் வரமாட்டார். அதே எண்ணிக்கையை ஒரு வாரத்தில் நெருக்கமாகப் போட்டுப் பாருங்கள். முப்பது நொடிக்குள் மூன்று தொலைபேசி எண்களைத் திணிப்பதையும் விடுங்கள், வண்டி ஓட்டுகிறவர் எதை எழுதிக்கொள்வார்? கடை எங்கே, என்ன கிடைக்கும், இது போதும்.

அப்புறம் சத்தம். பக்கத்து நிலையத்தைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்று கம்பிரசரை, அதாவது ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவியை, முறுக்குகிறார்கள். எஃப்எம்மில் அதிர்வெண் விலகலுக்கு, அதாவது ஒலிக்கேற்ப அலையின் அதிர்வெண் எவ்வளவு நகரலாம் என்பதற்கு, 75 கிலோஹெர்ட்ஸ் என்று வரம்பு இருக்கிறது, அதற்கு மேல் போக முடியாது என்பதால் நீங்கள் செய்வது பாட்டின் மேடுபள்ளங்களை நசுக்குவது மட்டும்தான். அதோடு, அனுப்பும்போதே கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளைத் தூக்கி அனுப்புவது எஃப்எம் முறை. வரம்பை இடிக்கும்போது முதலில் கெடுவது அவைதான், 'ஸ' ஒலியெல்லாம் கரகரக்கும். கேட்பவருக்கு என்ன பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாது, கொஞ்ச நேரத்தில் மாற்றிவிடுவார்.

ஊர் ஓரத்தில் கேட்கவில்லை என்றதும் பெரிய ட்ரான்ஸ்மிட்டருக்குப் பணம் தேடுவதும் அவசரம்தான். சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல், சிக்னலில் அது சின்ன உயர்வுதான். இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை, ஆண்டெனாவின் உயரமே அதிகம் பேசும். முதலில் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, ஆண்டெனாவுக்குப் போகாமல் ட்ரான்ஸ்மிட்டருக்கே திரும்பி வரும் சக்தி கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டுடியோவின் நல்ல ஸ்பீக்கரில் மட்டும் தன் நிலையத்தைக் கேட்கிற உரிமையாளருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. வாரம் ஒருமுறை ஒரு சாதாரண ரேடியோவோடு நகர எல்லை வரை போய், திரும்பும் வழியெல்லாம் அணைக்காமல் கேளுங்கள்.