பெயரைக் கேட்காதீர்கள், நடத்தையைப் பாருங்கள்

வீட்டில் அடிவாங்கும் பெண்ணோ குடியை விட முயலும் ஆளோ சொந்தப் பெயரில் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்காக டெலிகிராமில் குரூப் நடத்துகிறவர்கள், ஃபேக் ஐடி தொல்லை தாங்காமல் 'ஆதார் அனுப்பினால்தான் சேர்ப்போம்' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். பெரிய இணையத் தளங்களில் எழுதுகிறவர் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்று தென்கொரியா 2007-இல் இப்படி ஒரு சட்டமே போட்டது. வசவு பெரிதாகக் குறையவில்லை. 2011-இல் அங்கே இணையத் தளங்களில் நடந்த ஒரு ஊடுருவலில் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின, 2012-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது.

சரி, என்ன செய்யலாம்? சேருகிறவரிடம் செட்டிங்ஸில் ஃபோன் நம்பரை 'நோபடி' என்று வைக்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழேயே, எண்ணை வைத்து யார் தேடலாம் என்ற கேள்வி வரும், அதில் 'மை கான்டாக்ட்ஸ்' கொடுக்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் யாருக்குப் பயப்படுகிறாரோ அவர் எண்ணே கான்டாக்ட்டில் இருந்தால் இதுவும் போதாது. அந்த மாதிரி ஆளுக்கு வேறு எண்ணில் தனிக் கணக்கு நல்லது, முடியாவிட்டால் அவர் அட்மினுக்குத் தனியாக எழுதட்டும், நீங்கள் பெயரில்லாமல் குரூப்பில் போடுங்கள்.

லிங்க்கை அட்மின் அனுமதியோடு சேரும்படி வையுங்கள். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி போதும். புதியவர்களுக்கு முதல் வாரம் படமும் லிங்க்கும் வேண்டாம். சண்டை மூண்டால் ஸ்லோ மோட் போடுங்கள், ஒருவர் ஒரு மெசேஜ் போட்டால் சற்று நேரம் கழித்துத்தான் அடுத்ததைப் போட முடியும்.

புனைபெயரை எத்தனை முறை மாற்றினாலும் கணக்கின் ஐடி எண் மாறாது. எச்சரித்த தேதியை அந்த எண்ணுக்கு நேரே குறித்து வையுங்கள், வேறு எதையும் சேகரிக்காதீர்கள்.

கருத்து எவ்வளவு காரமாக இருந்தாலும் இருக்கட்டும். ஆனால் இன்னொருவரின் பெயர், எண், படம் எதையாவது வெளியே போட்டால் எச்சரிக்கையே கிடையாது, பதிவை அழித்து, போட்டவரை உடனே குரூப்பிலிருந்து நீக்குங்கள். அதற்கு முன்னால் ஐடியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பாதிக்கப்பட்டவர் சைபர் கிரைமில் புகார் கொடுக்க அதுதான் கையில் இருக்கும். அவசரத்தில் அழித்துவிட்டாலும் 48 மணி நேரம்வரை 'ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் பார்க்கலாம். அப்புறம், புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அவரைக் கேட்காமல் நீங்களே ஸ்டேஷனுக்குப் போய் அவர் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.