‘ச்சுமா’ என்றால் இலவசம் அன்று

மலேசியாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் வேலை அனுமதி, மருத்துவப் பரிசோதனை, வங்கிக் கணக்கு ஆகியவற்றை நிறுவனத்தார் காட்டும் வரிசையில் முடித்துவிடலாம். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா என்பதை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நான் எழுத வந்தது ஒரு மலாய்ச் சொல்லைப் பற்றி. வந்த முதல் மாதத்திலேயே அது எனக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) நட்டத்தை உண்டாக்கியது.

கிள்ளானில் அறை பார்க்கப் போனபோது, முன்பணம் ‘ச்சுமா செபுலான்’ என்றார் வீட்டுக்காரர். செபுலான் என்றால் ஒரு மாதம் என்று தெரியும். ச்சுமா நம் சும்மாதான் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்ததால், ஒரு மாத முன்பணத்தை விட்டுக்கொடுக்கிறார் என்று நம்பி, 200 வெள்ளி பதிவுப் பணம் கட்டினேன். அவர் சொன்னதோ ‘ஒரு மாதம் மட்டுமே’ என்பது. அந்த ஒரு மாத முன்பணமான 600 வெள்ளியைக் குறித்த நாளில் புரட்ட முடியாமல் அறையும் போயிற்று, கட்டிய பணமும் போயிற்று.

நண்பர் சொன்ன வேர் சரியானதுதான். ‘சும்மா கொடுத்தார்’ என்பதில் இலவசம் இருக்கிறது. ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்பதில் ‘வேறொன்றுமில்லை, இவ்வளவே’ என்ற பொருள் இருக்கிறது. இன்றைய மலாயில் ச்சுமா இந்த இரண்டாவது பொருளிலேயே வழங்குகிறது. இலவசத்துக்கு முன்னொட்டுச் சேர்த்துப் ‘பெர்ச்சுமா’ என்கிறார்கள். ஆகவே விலைக்கு முன்னால் ச்சுமா நின்றால், அந்த விலையைக் கொடுத்தே ஆகவேண்டும். எழுத்திலும் கவனம் தேவை: 1972 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் ரோமன் ‘சி’ எழுத்து மட்டுமே ‘ச்ச’ ஒலியைத் தருவதால், ஆங்கிலப் பழக்கத்தில் அதைக் ‘குமா’ என்று படித்துவிடாதீர்கள்.

சுமாத்ராவின் பாரூஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. அத்தகைய நெடுங்கால வணிக உறவால் கடை ‘கெடாய்’ ஆகவும், கப்பல் ‘காப்பால்’ ஆகவும், தொழிலில் போடும் முதல் ‘மோடால்’ ஆகவும் இங்கே வாழ்கின்றன. ஊர் நினைவில் தவித்த நாட்களில் கடைப் பலகைகளில் இவற்றைப் படிப்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் உறவைக் கண்டவுடன் பொருளையும் ஊகித்துவிடக் கூடாது. இங்கே ‘கோலம்’ என்பது வாசலில் இடுவதன்று, நம் குளம்.

வேலை நிமித்தம் மேடானுக்குப் போகிறவர்கள் மறுபடியும் கவனிக்க வேண்டும். இந்தோனேசியாவில் ‘பெர்ச்சுமா’ என்றால் வீண். இலவசத்துக்கு அங்கே ‘ச்சுமா-ச்சுமா’ என்று இரட்டித்துச் சொல்வார்கள்.