ஃபிளாஸ்க் டேட்டாவை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுப்பது எப்படி

தூத்துக்குடி பேக்கரி ஒன்றின் ஆர்டர் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பின்னால் ஃபிளாஸ்க் (பைத்தானில் வலைத்தளம் கட்டும் கருவி), முன்னால் ஜின்ஜா டெம்ப்ளேட் (பைத்தான் தரும் டேட்டாவை நிரப்பி எச்டிஎம்எல் பக்கமாக்கும் அச்சு), நடுவில் ஒரு சார்ட். வாடிக்கையாளர்களில் டி'குரூஸ்களுக்குப் பஞ்சமே இல்லை. சிக்கல் அந்த ஒற்றை மேற்கோள் குறியில்தான் தொடங்கும்.

ஸ்கிரிப்ட் டேகுக்குள் மேற்கோள் குறி போட்டு, நடுவே இரட்டை நெளிவு அடைப்பில் பெயரை வைப்பதுதான் பலரின் வழக்கம். ஜின்ஜா அதை எச்டிஎம்எல்லுக்கு ஏற்றபடி மாற்றிவிடும்: டி'குரூஸ். மற்ற இடங்களில் பிரவுசர் இதைப் பழையபடி ஆக்கிக்கொள்ளும், ஸ்கிரிப்ட் டேகுக்குள் ஆக்காது. சார்ட்டில் பெயர் இப்படியே வந்து நிற்கும். "சேஃப் ஃபில்டர் போடு, சரியாகிவிடும்" என்பார்கள். அதாவது, எதையும் மாற்றாமல் அப்படியே விடச் சொல்வது. போடாதீர்கள். டெலிவரி குறிப்பில் ஒருவர் ஸ்கிரிப்டை மூடும் டேகைத் தட்டிவிட்டால், அது மேற்கோளுக்குள் இருக்கிறதா என்றெல்லாம் பிரவுசர் பார்க்காது. ஸ்கிரிப்ட் அங்கேயே முடிந்துவிடும். அதன்பின் அவர் எழுதியிருப்பது உங்கள் பக்கத்தில் ஓடும்.

சரி, என்ன செய்வது? தேவையான விவரங்களை மட்டும் பைத்தானில் டிக்‌ஷனரிகளின் லிஸ்டாகத் தயார் செய்யுங்கள். டேட்டாபேஸ் ஆப்ஜெக்ட்டை அப்படியே அனுப்பினால் பிழை வரும். வராவிட்டாலும், போன் எண் வரை எல்லாம் பக்கத்தின் சோர்ஸில் கிடக்க வேண்டுமா? டெம்ப்ளேட்டில் ஐடி கொடுத்து ஒரு ஸ்கிரிப்ட் டேக் வையுங்கள்; டைப் 'அப்ளிகேஷன்/ஜேசன்' (ஜேசன் என்பது டேட்டாவை எழுத்து வடிவில் எழுதும் ஒரு முறை). உள்ளே இரட்டை நெளிவு அடைப்பில் மாறியின் பெயர், செங்குத்துக் கோடு, ஜேசனாக மாற்றித்தரும் டுஜேசன் ஃபில்டர், அவ்வளவுதான். சுற்றி மேற்கோள் குறி வேண்டாம், முன்கூட்டியே ஜேசனாகவும் மாற்ற வேண்டாம். மாற்றினால் லிஸ்டுக்குப் பதில் ஒரு நீளமான ஸ்டிரிங்தான் கிடைக்கும். தனி ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் அந்த ஐடியைப் பிடித்து, டெக்ஸ்ட்கன்டென்ட்டை எடுத்து ஜேசன் பார்ஸ் செய்தால், அதாவது ஜாவாஸ்கிரிப்ட் மதிப்பாக மாற்றினால், டேட்டா கையில்.

விலையைப் பைத்தானின் டெசிமல் வகையில் வைத்திருந்தால் அது ஸ்டிரிங்காகத்தான் வரும். 120-ஐயும் 30-ஐயும் கூட்டினால் 12030 என்று பில் காட்டும். கூட்டுமுன் எண்ணாக்குங்கள், அல்லது காசுக் கணக்கில் முழு எண்ணாக அனுப்புங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

இன்னொன்று, தமிழில் டேட்டா வைத்திருப்பவர்களுக்கு. சோர்ஸைத் திறந்தால் 'மக்ரூன்' என்ற பெயர் இருக்காது, பின்சாய்வுக் கோடும் எண்களுமாக இருக்கும். கெட்டுப்போகவில்லை, பார்ஸ் செய்ததும் தமிழாகிவிடும். ஆனால் யூடிஎஃப்-8இல் 3 பைட் பிடிக்கும் எழுத்துக் குறி இப்படி 6 பைட் பிடிக்கும். பட்டியல் பெரிதென்றால் ஃபிளாஸ்கின் ஜேசன் அமைப்பில் என்ஷ்யூர் ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள்; தமிழ் எழுத்து அப்படியே போகும். ஆபத்தான டேக் குறிகளை டுஜேசன் அப்போதும் மாற்றியே அனுப்பும்.

ஒரே ஒரு ஆர்டர் எண் போதுமென்றால் இவ்வளவும் வேண்டாம், பட்டனிலேயே டேட்டா ஆட்ரிப்யூட்டாக வைத்துவிடலாம். அங்கும் டுஜேசன் போடுவதானால் ஆட்ரிப்யூட்டைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள். ஜேசன் தன் ஸ்டிரிங்குகளுக்கு இரட்டைக் குறியைப் பயன்படுத்துவதால், வெளியிலும் இரட்டை என்றால் ஆட்ரிப்யூட் பாதியிலேயே மூடிக்கொள்ளும்.