மகரந்தத்துகளை விவரிக்கும் முறை

மைக்ராஸ்கோப்பில் கண் வைத்ததும் முள், வலை என்று மேற்பரப்பை எழுதத் தொடங்கிவிடுகிறோம். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் துகள் எப்படி உதிர்கிறது என்று பாருங்கள். தனியாக வந்தால் மோனாட், நான்கு சேர்ந்து வந்தால் டெட்ராட், இன்னும் அதிகமானால் பாலியாட். எருக்கில் மகரந்தப் பையில் உள்ளது முழுவதுமே ஒட்டிப் பொலினியமாக வரும்.

அடுத்தது துருவம். தனியாக உதிரும் துகளும் உருவாகும்போது நான்கில் ஒன்றுதான். அந்த டெட்ராடில் மையத்தைப் பார்த்திருந்த பக்கம் அண்மைத் துருவம், வெளியே பார்த்தது சேய்மைத் துருவம். இரண்டையும் இணைப்பது துருவ அச்சு; அதற்குக் குறுக்கே போவது நடுக்கோடு. தவறு அதிகம் நடப்பது இங்கேதான். கடுகுத் துகளின் சுவரில் உள்ள மூன்று பிளவுகளும் (நீண்ட திறப்புகள்) துருவப் பார்வையில் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் ஒன்றோ இரண்டோதான். அதை ஒற்றைப் பிளவு என்று எழுதிவிட்டால், தேடல் ஒருவித்திலைத் தாவரங்கள் பக்கம் போய்விடும். கிளிசரின் ஜெல்லி இறுகுமுன் கவர்சிலிப்பை ஊசியால் மெல்லத் தட்டுங்கள், துகள் உருளும். இரு பார்வையும் கிடைக்காமல் எதையும் எழுதாதீர்கள்.

திறப்பின் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டினால் அது கோல்பஸ், தாண்டாவிட்டால் போரஸ், அதாவது துளை. கோல்பஸுக்குள் துளையும் இருந்தால் கோல்போரேட்: சூரியகாந்திக்கு மூன்று, வேம்புக்குப் பெரும்பாலும் நான்கு. நீண்ட திறப்பு சேய்மைத் துருவத்தில் இருந்தால் அதன் பெயர் சல்கஸ், தென்னையில் பார்க்கலாம். நெல்லுக்கு ஒரே துளை, அதைச் சுற்றித் தடித்த வளையமான அன்னுலஸ். செம்பருத்தியில் துளைகள் உடலெங்கும் சிதறிக் கிடப்பதால் பான்டோபோரேட்.

குறைந்தது 20 துகள்களை அளந்து, துருவ அச்சை நடுக்கோட்டு விட்டத்தால் வகுங்கள். 0.88 முதல் 1.14 வரை கோளவடிவம், 1.33 முதல் 2 வரை நீள்வடிவம். முள்ளைச் சேர்த்து அளந்தீர்களா என்பதையும் எதில் பதித்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளிசரின் ஜெல்லியில் துகள் நாளடைவில் உப்பும். பழைய சிலைடின் அளவைப் புதியதோடு ஒப்பிட முடியாது.

இனி எக்சைன், அதாவது துகளின் வெளிச்சுவர். அதன் அமைப்பு தெளிய அசெட்டாலிசிஸ் செய்ய வேண்டும், அதாவது அமிலக் கலவையில் துகளைச் சூடாக்க வேண்டும்: 9 பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடில் 1 பங்கு அடர் கந்தக அமிலத்தைத் துளித்துளியாகப் புகைக்கூண்டுக்குள் வைத்துச் சேர்க்கவும். இந்தக் கலவை தண்ணீர் பட்டால் மூர்க்கமாக வினைபுரியும். அதனால் அதற்கு முன்பே துகளைக் கிளேசியல் அசெட்டிக் அமிலத்தால் கழுவி ஈரத்தை நீக்கிவிட வேண்டும். சூடாக்கும் நேரம் கூடினால் சுவர் கறுத்து, நுண்வடிவம் மறைந்துபோகும்.

மேற்பரப்பில் தெரியும் புள்ளி மேடா பள்ளமா? ஃபோகஸை மேலே வைத்து மெதுவாக இறக்குங்கள். வெளிச்சமாயிருந்து இருண்டால் மேடு. இருட்டாயிருந்து வெளுத்தால் குழி. மேடுகள் இணைந்து வலையானால் ரெட்டிகுலேட். 1 மைக்ரோமீட்டரைத் தாண்டிய கூர்முள் என்றால் எக்கினேட்.

செம்பருத்திக்கு எழுதி முடித்தால் இப்படி வரும்: மோனாட், பான்டோபோரேட், கோளவடிவம், 100 மைக்ரோமீட்டருக்கு மேல், எக்கினேட்.