கேஸ் விழுந்த அன்றே மருந்துச் சீட்டைத் தேடுங்கள்

மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். மனநோய் உள்ள மகனையோ தம்பியையோ போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று பதறி வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வந்து உட்கார்ந்ததும் பல தாய்மார் சொல்வது இதுதான்: “புத்தி சரியில்லைன்னு மட்டும் எழுதிராதீங்க தம்பி, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கோம்.” அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நோயை மறைத்தால் பிள்ளை சாதாரணத் திருடனாகவோ அடிதடிக்காரனாகவோ ரிமாண்டுக்குப் போவான். மருந்து நின்றுபோகும், நோய் முற்றும். பல மாதம் கழித்து “அப்பவே அவனுக்கு மனநோய்” என்று சொன்னால், தப்பிக்கச் சொல்லும் கதை என்பார் அரசு வக்கீல்.

மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்வதில்லை. அடி வாங்குவதும் ஏமாற்றப்படுவதும்தான் அவர்களுக்கு அதிகம் நடக்கிறது. மருந்தை விட்ட நாட்களிலும், குடியோ கஞ்சாவோ சேர்ந்துகொண்ட நாட்களிலும்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

ஸ்டேஷனில் முதலில் கேட்க வேண்டியது, கேஸ் போட்டிருக்கிறார்களா, இல்லை சும்மா கூட்டி வந்தார்களா என்பது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி தனக்குள் பேசிக்கொண்டு திரிந்தவரைக் கூட்டி வந்திருந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவைச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் என்றால் அதே சட்டத்தின் 115-வது பிரிவு. அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. ஏட்டையாவிடம் சத்தம் போட வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் நோயின் விவரம், சாப்பிடும் மாத்திரை, டாக்டர் பெயர் எழுதி இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து மற்றதில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பரவாயில்லை, அந்தத் தாள் கோர்ட்டில் உதவும்.

கேஸ் போட்டிருந்தால் ஒருவர் ஸ்டேஷனில் நிற்கட்டும், இன்னொருவர் வீட்டுக்கு ஓடட்டும். பீரோ, அரிசி டப்பா, சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். பெரியாஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, தனியார் டாக்டர் எழுதிய துண்டுச்சீட்டு, மருந்துக்கடை பில், காலியான மாத்திரை அட்டை, ஊனமுற்றோர் அட்டை எதையும் விடாதீர்கள். சீட்டு தொலைந்திருந்தால் பழைய ஓ.பி. எண்ணையோ சேர்த்த தேதியையோ சொல்லி மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். டாக்டரிடமே போகாமல் பாண்டி கோவிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்த குடும்பங்களும் உண்டு. அதையும் வெட்கப்படாமல் வக்கீலிடம் சொல்லுங்கள். எந்த வருஷம், யார் கூட வந்தார்கள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்பதெல்லாம் நோய் புதிதல்ல என்று காட்டும் சாட்சியம்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சம்பவம் நடந்த அன்றும் அதற்கு முந்தின சில நாட்களும் அவன் எப்படி இருந்தான் என்று அன்று ராத்திரியே எழுதி வையுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 22-வது பிரிவு (பழைய இ.பி.கோ. 84) நோய் இருந்தது என்பதற்காக மட்டும் யாரையும் விடுவிப்பதில்லை. அந்தச் செயலைச் செய்த நேரத்தில், தான் செய்வது இன்னது என்றோ, அது தப்பு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா என்றுதான் பார்க்கும். அதைக் காட்டும் பொறுப்பு நம்முடையது. செயலுக்கு முன்பும், செய்யும்போதும், பின்பும் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும் என்று 1964-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓடி ஒளிந்தானா, அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தானா? எடுத்த பொருளை மறைத்தானா, தெருவில் போட்டானா? எத்தனை நாள் தூங்கவில்லை? டீக்கடைக்காரர், பக்கத்து வீட்டு அக்கா என்று பார்த்தவர்களின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். கூட்டி எழுதினால் குறுக்கு விசாரணையில் எல்லாமே உடைந்துவிடும்.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையா? மனநோய் உள்ளவருக்கு இலவசச் சட்ட உதவி உரிமை. கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கும் கூப்பிடலாம். வக்கீல் மூலம் மனநல டாக்டரின் பரிசோதனை கேளுங்கள். வழக்கைத் தானே நடத்த இயலாத நிலையில் இருக்கிறார் என்று கோர்ட் கண்டால், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 369-ன் கீழ், ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும் விட வழி உண்டு. அதற்கு உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை என்ற நிலை வேண்டும். சொந்தக்காரரோ நண்பரோ ஒருவர், பக்கத்து மருத்துவமனையில் ஒழுங்காகக் காட்டுகிறேன், யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்க வேண்டும். மூத்தவள் கல்யாணத்துக்காக மறைத்த அந்தச் சீட்டுதான் இங்கே கதவைத் திறக்கும்.

ஜாமீன் கிடைக்காமல் அரசரடி ஜெயிலுக்குப் போனால், மருந்துச் சீட்டின் நகலோடு சிறைக் கண்காணிப்பாளருக்கும் சிறை மருத்துவருக்கும் மனு கொடுங்கள். லித்தியம், குளோசபின் போன்ற மாத்திரைகள் திடீரென நின்றால் நோய் வேகமாகத் திரும்பலாம். மனு கொடுத்ததோடு ஓய்ந்துவிடாமல், மருந்து போய்ச் சேர்ந்ததா என்று ஜெயிலில் பார்க்கப் போகும்போது அவனிடமே கேளுங்கள்.

வழக்கை நடத்த இயலாத நிலை என்று விசாரணை நிற்பது வேறு, விடுதலை வேறு. குணமானால் விசாரணை திரும்பத் தொடங்கும். 22-வது பிரிவில் விடுதலையானாலும் நேரே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். பாதுகாப்பில் வைக்கலாம், அல்லது பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்கலாம்.

வெளியே வந்தபின் அவனைக் கட்டிப்போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்தவர்கள் தீயில் மாட்டி 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை இன்று சட்டமே தடுக்கிறது. வீட்டில் சமாளிக்க முடியாத ராத்திரியில் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், ஆபத்தென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு ஓ.பி. வருகையிலும் சீட்டில் தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து நகலெடுத்து வக்கீலிடம் கொடுங்கள். வாய்தா அன்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். தூக்கம் வந்தால் வரட்டும், அதை வக்கீல் நீதிபதியிடம் சொல்லிக்கொள்வார்.