"கம்பெனி ஐட்டம்தான் சார்": கார் ஸ்பேர் வாங்கும்போது செய்யும் தவறுகள்

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்குவதற்குள் காருக்குள் கருகல் வாடை வந்துவிட்டது. பிரேக் பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்க மறுத்தது. பின் சீட்டில் அம்மாவும் இரண்டு குழந்தைகளும். கியரைக் குறைத்து, எப்படியோ ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் மீதி தூரம் இறங்கினோம். அதற்கு மூன்று வாரம் முன்புதான் புது பிரேக் பேட் மாட்டியிருந்தேன். "கம்பெனி ஐட்டம்தான் சார்" என்றார் கடைக்காரர். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை.

நம்மில் பலர் செய்யும் முதல் தவறு இதுதான். "ஒரிஜினலா, லோக்கலா?" என்று கேட்கிறோம், யார் செய்தது என்று கேட்பதில்லை. கார் கம்பெனிகள் பிரேக், கிளட்ச், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் போன்றவற்றில் பெரும்பாலானவற்றைத் தாங்களே செய்வதில்லை. சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், அப்புறம் ரானே, பாஷ், வேலியோ போன்ற நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. இவர்களே கடைச் சந்தைக்கும் தங்கள் சொந்தப் பெயரில் பெட்டி போட்டு விற்கிறார்கள். கார் கம்பெனியின் முத்திரை இல்லாததாலேயே அவற்றை மட்டம் என்று ஒதுக்கினால் வீண் செலவுதான். ஆனால் ஒன்று: செய்கிற கை ஒன்றாக இருந்தாலும் சரக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முக்கியமாக பிரேக் பேடில், காருக்குக் கொடுக்கும் கலவை வேறாகவும் கடைக்கு வரும் கலவை வேறாகவும் இருக்கலாம்.

பேடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உயிர் அதில்தான் இருக்கிறது. பேட் என்பது இரும்புத் தகட்டில் ஒட்டிய உராய்வுக் கலவை; சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை அதுதான் அழுத்திப் பிடிக்கும். மட்டமான கலவை குளிர்ந்திருக்கும்போது நன்றாகவே பிடிக்கும். ஊருக்குள் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மலை இறக்கத்தில் சூடு ஏறிய பிறகுதான் பிடிமானம் விழும். பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வைக் குறிக்கும், இரண்டாவது எழுத்து சூடேறியபின் உள்ளதை. 'ஈ' (E) என்றால் உராய்வு அளவு 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' (F) என்றால் 0.35 முதல் 0.45 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறைந்திருந்தால் சூட்டில் பிடி தளரும் என்று பொருள். இந்த எழுத்துகள் உராய்வை மட்டும்தான் சொல்லும். தகட்டிலிருந்து கலவை பெயர்ந்துவிடுமா, டிஸ்க்கை அரித்துவிடுமா என்பதையெல்லாம் சொல்லாது. அதனால் பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் பேடைத்தான் வாங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது, முன் சக்கரங்கள் என்றால் இரண்டுக்கும், பின் சக்கரங்கள் என்றால் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிதாக மாட்டியதும் சில நூறு கிலோமீட்டர் மெதுவாகப் பழக்கிய பிறகே மலைப்பக்கம் போக வேண்டும். நான் அதையும் செய்யவில்லை.

அடுத்தது, பார்ட்டின் விலையை மட்டும் பார்ப்பது. கிளட்ச் பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் சின்னப் பொருள். ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து மாட்டியது ஆறு மாதத்தில் சத்தம் போட்டால், அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டியதுதான். கூலி பொருளைவிட அதிகமாகும் இடத்தில் பொருளில் சிக்கனம் பார்க்காதீர்கள். இன்ஜினில் பிஸ்டனும் வால்வுகளும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் இதைவிட மோசம். பழைய சாண்ட்ரோ போல பெல்ட்டில் ஓடும் இன்ஜின்கள் பலவற்றில், பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும், பிறகு இன்ஜின் ஹெட்டையே கழற்ற வேண்டியிருக்கும். ஆயில் ஃபில்டரிலும் அப்படித்தான். உள்ளே ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மட்டமான ஃபில்டரில் அது சீக்கிரமே விறைத்துப் போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு விநாடி கடகடவென்று சத்தம் வந்தால், அந்த நேரத்தில் இன்ஜினுக்கு எண்ணெய் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம்.

வைப்பர், ஏசி கேபின் ஃபில்டர், பல்பு இவற்றுக்கெல்லாம் ஷோரூம் விலை கொடுக்கத் தேவையில்லை. கார் கம்பெனி முத்திரை இல்லாத, நல்ல பெயருள்ள வெளிப் பொருளே போதும். பம்பர், ஃபெண்டர் மாதிரி பாடி பார்ட்டுகளில் ஆபத்து குறைவு, ஆனால் கிளிப் துளைகள் பொருந்தாமல் டிங்கர் கடையில் இழுத்துக் கட்டுவார்கள். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஒரிஜினல் கதவும் கண்ணாடியும் புது லோக்கலைவிட நன்றாகவே பொருந்தும். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்களை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். ஏர்பேக்கை எக்காரணம் கொண்டும் பழையதாகவோ வெளியிலோ வாங்காதீர்கள். போலி ஏர்பேக்குகள் விற்கப்படுவதாக அமெரிக்க சாலைப் பாதுகாப்பு அமைப்பே 2012-இல் எச்சரித்திருக்கிறது.

பெயரைப் பார்த்து வாங்கினாலும் போலியில் மாட்டலாம். நன்றாக விற்கும் பிராண்டுக்குத்தான் போலிப் பெட்டியும் அடிக்கிறார்கள். எம்ஆர்பி விலையில் பாதிக்குக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். பார்ட் நம்பர் பெட்டியிலும் பொருளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். "ஸ்விஃப்ட்டுக்கு ஒரு பேட்" என்று மட்டும் கேட்பதும் தவறு. ஆண்டு, இன்ஜின், வேரியன்ட் மாறினால் பாகமும் மாறும். ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுக்கச் சொல்லுங்கள். "வெளி பார்ட் சரியில்லை" என்று புலம்பும் பலருக்கு உண்மையில் பொருந்தாத பார்ட்தான் மாட்டப்பட்டிருக்கும்.

வெளியில் வாங்கினால் வாரண்டி மொத்தமாகப் போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. 2014 ஆகஸ்டில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம், ஸ்பேர்களைத் திறந்த சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவில் சொன்னது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தன. ஆகவே வாரண்டி உள்ள வண்டியில் கை வைக்கும் முன் உங்கள் வாரண்டி புத்தகத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். பில் இல்லாமல் எதையும் மாட்டாதீர்கள்.

மாட்டி முடித்ததும் மெக்கானிக்கிடம் பழைய பார்ட்டையும் புதியதன் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். பெட்டி அட்டையில் தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் எழுதி டாஷ்போர்டு டிராயரில் போட்டு வையுங்கள். கொல்லிமலைக்குப் பிறகு நான் மாட்டிய பேடின் அட்டை இன்னும் என் வண்டியில்தான் இருக்கிறது.