சுக்கான் கனக்கிறதா? பாய்மரத்தைக் கடைசியில் தொடுங்கள்

காற்றை நோக்கி மூக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும் பாய்ப்படகை நேராக ஓட்ட, சுக்கானை விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். இதற்குப் பலர் உடனே பாய்மரத்தின் சாய்வை மாற்றப் போகிறார்கள். பெரும்பாலும் குற்றம் அங்கே இருப்பதில்லை.

சுக்கான் எவ்வளவு திரும்பி நிற்கிறது என்று முதலில் அளந்துவிடுங்கள். 10 முதல் 12 நாட் (மணிக்குக் கடல்மைல்) காற்றில், முழுப் பாயோடு, காற்று வரும் திசையை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு ஒட்டி ஓட்டுங்கள். டில்லர் (சுக்கானைத் திருப்பும் கைத்தண்டு) 1 மீட்டர் நீளம் என்றால், அதன் நுனி நடுக்கோட்டிலிருந்து 9 செ.மீ. விலகும்போது சுக்கான் 5 பாகை திரும்பியிருக்கும். 3 முதல் 5 பாகை வரை நல்லதுதான். கைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். 17 செ.மீ. என்றால் 10 பாகை. அந்த அளவில் சுக்கான் படகைத் திருப்புவதோடு தடையாகவும் நிற்கிறது. வீல் உள்ள படகில், சுக்கான் நேராக இருக்கும்போது மேலே வரும் ஆரக்காலில் டேப் சுற்றிவைத்தால் எவ்வளவு திருப்பிப் பிடிக்கிறீர்கள் என்று தெரியும்.

அடுத்து, படகின் சாய்வு. படகு ஒருபுறம் சாயும்போது பாயின் உந்துவிசை படகின் உடலுக்கு வெளியே தள்ளிப்போய், மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்புகிறது. பெரும்பாலான படகுகளில் 20 பாகையைத் தாண்டிய சாய்வால் லாபமில்லை. டிராவலரை (பெரிய பாயின் கயிற்றைப் படகின் குறுக்கே நகர்த்தும் வண்டி) கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று போகும் பக்கம், இறக்குங்கள். அவுட்ஹாலையும் (பாயின் அடிவிளிம்பை இழுக்கும் கயிறு) பேக்ஸ்டேயையும் (பாய்மர உச்சியைப் பின்னால் இழுக்கும் கம்பி) இழுத்து, மெயின் பாயை, அதாவது பாய்மரத்துக்குப் பின்னாலுள்ள பெரிய பாயை, தட்டையாக்குங்கள். அப்படியும் அடங்காவிட்டால் மெயின் பாயில் ரீஃப் போடுங்கள், அதாவது ஒரு பகுதியை மடித்துக் கட்டிப் பாயைச் சிறிதாக்குங்கள். சுருட்டுவது எளிது என்று ஜெனோவாவை (பெரிய முன்பாய்) மட்டும் சுருக்கினால் விசை பின்னால் நகர்ந்து சுக்கான் இன்னும் கனக்கும். வயிறு தொங்கிப்போன பழைய பாயை எந்தக் கயிறும் சரிசெய்யாது. புதுப் பாய்தான் வழி.

பளுவையும் பாருங்கள். 10 மி.மீ. நங்கூரச் சங்கிலி 60 மீட்டர் கிட்டத்தட்ட 135 கிலோ. அது முழுதும் அணியத்தில் (படகின் முன்முனை) கிடந்தால் மூக்கு அமிழ்ந்து, படகின் அடிப்பகுதியைத் தண்ணீர் பக்கவாட்டில் பிடிக்கும் மையம் முன்னால் போய், மூக்கு காற்றை நோக்கி இன்னும் திரும்பும். பின்காற்றில் படகு குறுக்கே திரும்பும் ஆபத்தும் கூடும். ஒரு பக்கம் ஓடும்போது மட்டும் கனமென்றால் தண்ணீர்த் தொட்டிகள் சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படகு நின்றிருக்கும்போதே வீல் இறுக்கமாக இருந்தால் பாய்க்குச் சம்பந்தமில்லை. வீலைச் சுக்கானோடு இணைக்கும் கேபிளைக் கழற்றிவிட்டு, அவசர டில்லரால் சுக்கானை அசைத்துப் பாருங்கள். அப்போதும் இறுக்கமென்றால் குற்றம் பேரிங்கில் (சுக்கான் தண்டு சுழலும் உறை). நைலான் பேரிங் தண்ணீரில் ஊதும். லேசாக அசைந்தால் கேபிள் அல்லது கப்பி. கேபிளை வெறுங்கையால் தடவாதீர்கள். டிஷ்யூ காகிதத்தை ஓட்டினால் அறுந்த இழை அதில் மாட்டும். ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். கேபிளை மறுபடி கட்டும்போது, வீலை அசையாமல் கட்டி, குவாட்ரன்ட்டை (கேபிள் சுக்கான் தண்டோடு சேரும் வளைவான பாகம்) கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடக்கூடாது. அதற்கு மேல் முறுக்கினால் உராய்வுதான் மிஞ்சும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சுக்கான் 10 பாகையிலேயே நிற்கிறதா? இப்போது பாய்மரம். அலையில்லாத இடத்தில், படகு நேராக மிதக்கும்போது, மெயின் ஹாலியார்டில் (மெயின் பாயை ஏற்றும் கயிறு) 2 கிலோ எடை தொங்கவிட்டு, ஆடாமல் இருக்க அதை வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். பூம் (மெயின் பாயின் அடியிலுள்ள கிடைத்தண்டு) உயரத்தில் கயிறு பாய்மரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேக்ஸ்டேயைத் தளர்த்தி, ஃபோர்ஸ்டேயை (பாய்மரத்தை முன்னால் இழுக்கும் கம்பி) 2 செ.மீ. குறையுங்கள், உச்சி சுமார் 6 செ.மீ. முன்னால் வரும். பேக்ஸ்டேயை மறுபடி இறுக்கி, அதே காற்றில் ஓட்டி அளந்த பிறகே அடுத்த 2 செ.மீ. டில்லரை விட்டதும் மூக்கு காற்றைவிட்டு விலகினால் அளவு மீறிவிட்டது, ஃபோர்ஸ்டேயை 2 செ.மீ. மறுபடி நீட்டுங்கள். டர்ன்பக்கிளில் (கம்பியை இறுக்கும் திருகு) அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின் போடாமல் கரையை விட்டுப் போகாதீர்கள்.